கணினியின் வெப்பமும் ‘பாதுகாப்பு’ என்னும் தீர்ப்பும்: கல்லடியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கணினி கடுஞ்சுமையில் இயங்கும்பொழுது அதன் முறைவழியாக்கி அடையும் வெப்பநிலை பாதுகாப்பானதா அன்றா என்னும் வினா, முற்றிலும் தொழினுட்பவியலாளருக்கே உரியது என்று கொள்ளப்படுகின்றது. இலக்கிய மாணவர் அதனை எழுப்புவதும், அதிலும் தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழில் எழுப்புவதும் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் ‘பாதுகாப்பு’ என்பது வெப்பமானியில் பொறிக்கப்பட்டுள்ள ஓர் எண்ணன்று; அது ஒரு தீர்ப்பு. தீர்ப்பெனின், அதனை வழங்குவோர் யார், எவர் நலன் கருதி வழங்குகின்றனர், எத்தனை ஆண்டுக் கால எல்லையை மனங்கொண்டு வழங்குகின்றனர் என்பன தவிர்க்கவியலாத வினாக்கள். இவை வரலாற்று வினாக்கள் என்பதே எமது கருத்து.

இவ்வினா எமக்கு நூல்களிலிருந்து எழவில்லை. கல்லடியில், ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலும் நெருக்கி நிற்கும் அந்த ஒடுங்கிய நிலத்தில், வடமோடி தென்மோடிக் கூத்துக் கொப்பிகளைப் படம்பிடித்து எழுத்துணரி மூலம் பாடமாக்கும் பணியில் நாம் சிலர் ஈடுபட்டுள்ளோம். அண்ணாவிமார் கையால் எழுதி, கையால் பிரதிசெய்து, தலைமுறைகளாகக் காத்த கொப்பிகள் அவை. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியிலும், 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையிலும் வீடுகளோடு கொப்பிகளும் போயின. எஞ்சியவற்றை விரைந்து செய்யவேண்டும் என்னும் அவசரம் எமக்குண்டு. எமக்கு வாய்த்த கணினியோ, கொழும்பு அலுவலகமொன்றில் தன் காலத்தை முடித்து அங்கிருந்து கழிக்கப்பட்டு வந்தது. படங்களைத் துப்புரவாக்கும் வேலை அதன் கருக்கள் அனைத்தையும் ஒருங்கே வேலைவாங்குவது. கச்சான் காற்று வீசும் ஆனி மாதத்துப் பிற்பகலொன்றில் திரையில் 93 பாகை செல்சியஸ் என்று கண்ட மாணவரொருவர், அஞ்சி, மின்னிணைப்பையே பிடுங்கிவிட்டார். நான்கு மணித்தியால வேலை அத்துடன் போயிற்று.

திருத்துநர் ஒருவரிடம் கேட்டோம். “நூறு மட்டும் பயமில்லை சேர்” என்றார். இன்னொருவரிடம் கேட்டோம். “எழுபது தாண்டினால் ஆயுள் போச்சு” என்றார். இருவரும் ஐயத்துக்கிடமின்றியே கூறினர். மூன்றாவது இடத்தில், அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை, கணினியைத் திறந்து பாராமலே புதியதொன்றுக்கு விலைப்பட்டியல் தந்தனர்.

இம்மூன்று விடைகளையும் சீர்தூக்குவதற்குமுன் ஒரு சொல் விளக்கம் இன்றியமையாதது. பேச்சுவழக்கில் ‘சூடு’ என்னும் ஒரே சொல்லால் நாம் சுட்டுவனவற்றைப் பௌதிகவியல் வெப்பம், வெப்பநிலை என இரண்டாகப் பிரிக்கும். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கி, இன்று அங்கேயே சமாதி கொண்டிருக்கும் விபுலாநந்த அடிகள் அடிப்படையில் ஒரு விஞ்ஞானப் பட்டதாரி என்பதும், சென்னையில் 1930களில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. சொற்களைப் பிரித்துக்கொள்ளாதவிடத்துச் சிந்தனையும் பிரியாது. முறைவழியாக்கி உண்ணும் மின்வலு உவாற்றில் அளக்கப்படுவது. அவ்வளவும் ஈற்றில் வெப்பமாகவே வெளியேறுகின்றது. அவ்வெப்பம் எத்துணைச் சிறிய பரப்பிலிருந்து எத்துணை எளிதில் வெளியேறுகின்றது என்பதைப் பொறுத்தே வெப்பநிலை அமையும். அதனாற்றான் விரல்நகமளவான அண்மைக்காலச் சில்லொன்று 80 உவாற்றிலேயே கொதிப்பதும், பருமனான பழைய சில்லொன்று 100 உவாற்றிலும் அமைதியாக இருப்பதும் நேர்கின்றன. 90 பாகை காட்டும் கணினி 70 பாகை காட்டும் கணினியிலும் அறையை அதிகம் சூடாக்கும் என்பது தவறான எண்ணம்.

இனி, திரையிற் காணும் எண்தான் யாது? அதனைக் கண்ணால் கண்ட உண்மையென நாம் ஏற்கின்றோம். இன்ரெல் நிறுவனத்தின் சில்லுகளிலுள்ள உணரி வெப்பநிலையை நேரே கூறுவதில்லை. வரையறுத்த எல்லைக்கு இன்னும் எத்தனை பாகை எஞ்சியுள்ளது என்பதையே கூறும். எல்லையிலிருந்து அதனைக் கழித்து எண்ணொன்றைக் காட்டுவது மென்பொருளின் வேலை. மேசைக்கணினிச் சில்லுகள் பலவற்றுக்கு அவ்வெல்லை யாதென்பதை அந்நிறுவனம் 2008 வரை வெளியிடவில்லை. அதுவரை மென்பொருளாளர் 85 என்றும் 100 என்றும் ஊகித்து எழுதினர். உலகெங்கும் மக்கள் அவ்வூகத்தைப் பார்த்து நிம்மதியடைந்தனர் அல்லது அஞ்சினர். 2017இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் முதல் றைசன் சில்லுகளுள் உயர்ந்த வகை இரண்டு, விசிறியின் வேகத்தை ஒரே ஒழுங்கில் வைத்துக்கொள்ளும் பொருட்டு, உண்மையான வெப்பநிலையிலும் 20 பாகை கூட்டியே அறிக்கையிட்டன. எமது மாணவர் 1700எக்ஸ் ஒன்றை வைத்திருந்து, அதிற் கண்ட 93ஐக் கண்டு இணைப்பைப் பிடுங்கியிருப்பின், 73 பாகைக்காகவே பிடுங்கியவராவார். மேலும், இவ்வுணரிகள் எல்லைக்கு அருகிலேயே செம்மையாக அளப்பன. ஓய்வுநிலையில் அவை காட்டும் 28, 30 என்பனவற்றைப் பெரிதாகக் கொள்ளவேண்டியதில்லை.

எல்லை என்னும் கருத்தின் வரலாறு இங்கு விரித்து நோக்கத்தக்கது. 1946இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வெளிப்படுத்தப்பட்ட எனியாக் கணினி ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டது. 150 கிலோ உவாற்றளவு மின்வலுவை உண்டது. அதன் அடைப்புக்களுள் வெப்பநிலை 115 பாகை பரனைற்றைத் தாண்டின், அதாவது 46 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டின், மின்னோட்டம் தானே நின்றுவிடும்படி வெப்பநிலைகாப்பிகள் பொருத்தப்பட்டிருந்தன. அதனினும் முக்கியமானது அதனை அமைத்த எக்கேட் கைக்கொண்ட நெறியாகும். குழாய்களை அவற்றின் உற்பத்தியாளர் அனுமதித்த அளவிலும் மிகக் குறைந்த சுமையிலேயே அவர் இயக்கினார். பல்லாயிரம் குழாய்களுள் ஒன்று தவறினும் கணக்குத் தவறும் என்பதை அவர் அறிந்திருந்தார். உற்பத்தியாளரின் ‘பாதுகாப்பு’ வேறு, பயன்படுத்துவோனின் ‘பாதுகாப்பு’ வேறு என்னும் உணர்வு கணினியின் பிறப்போடேயே தோன்றியது என்று கூறலாம்.

திரான்சிற்றர் யுகத்தில் இவ்வுணர்வு மங்கியது. அதற்குப் பொருளாதாரக் காரணத்தோடு பௌதிகக் காரணமும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்து டெனாட்டும் அவர்தம் குழுவினரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, திரான்சிற்றரைச் சிறிதாக்கும்பொழுது அதன் உவோற்றளவையும் அதே விகிதத்திற் குறைத்தால், ஒரு பரப்பலகு வெளிவிடும் வெப்பம் மாறாதிருக்கும் என்பதைக் காட்டிற்று. முப்பதாண்டுக் காலம் குறைகடத்தித் தொழில் இந்தப் பெருங்கொடையில் வாழ்ந்தது. 1993இல் வந்த பென்ரியம் 16 உவாற்றை எட்டியபொழுதே அது சூடான சில்லெனப் பேசப்பட்டதை இன்றைய வாசகர் நம்பத் தயங்குவர். திரான்சிற்றர்கள் மிகச் சிறுத்து மின் கசியத் தொடங்கியதும் உவோற்றைக் குறைத்துக்கொண்டே போக இயலாதாயிற்று, கொடை நின்றது. 2001இல் இன்ரெல்லின் கெல்சிங்கர், போக்கு இவ்வாறே நீடித்தால் சில்லின் வெப்ப அடர்த்தி அணு உலையையும் ஏவுகணையின் வாயையும் எட்டிவிடும் எனப் பொறியியலாளர் மாநாட்டில் எச்சரித்தார். 2004இல் அந்நிறுவனத்தின் பிறெஸ்கொட் சில்லு 100 உவாற்றைத் தாண்டியது. அதற்கடுத்து வரவிருந்த ரெயாஸ் அவ்வாண்டு மே மாதத்திற் கைவிடப்பட்டது. கருக்களைப் பெருக்கும் இன்றைய வழி அத்தோல்வியின் பிள்ளை.

இதே காலத்திற்றான் எல்லையை மனிதனிடமிருந்து எடுத்துச் சில்லினிடமே ஒப்படைக்கும் மாற்றமும் நிகழ்ந்தது. 2001இல் பரவலாகப் பார்க்கப்பட்ட ஒளிப்படச் சோதனை ஒன்றில், இயங்கிக்கொண்டிருந்த சில்லுகளின் மேலிருந்த குளிர்த்தி அகற்றப்பட்டது. பென்ரியம் 4 தன் வேகத்தைக் குறைத்துத் தப்பியது; அத்லன் புகைந்து செத்தது. இன்று எல்லாச் சில்லுகளும் எல்லையை அண்மித்ததும் தாமே வேகம் குறைப்பன. அதற்கும் அடங்காவிடின் தாமே அணைவன. ஆகவே ‘நூறு மட்டும் பயமில்லை’ என்ற திருத்துநர் பொய்யுரைக்கவில்லை. உடனடிச் சாவைப் பொறுத்தவரை அது மெய்.

எம்போன்றோர் இவ்விடத்தில் ஏங்கல்சை நினைப்பது இயல்பு. அளவு பண்பாக மாறுவதற்கு நூறு பாகையிற் கொதிக்கும் நீரை அவர் எடுத்துக்காட்டியதை மாக்சிய வகுப்புக்களிற் கேளாதவரில்லை. முறைவழியாக்கியின் எல்லையும் பெரும்பாலும் நூறாக இருப்பது இம்மயக்கத்தை வலுப்படுத்தும். ஆனால் நீரின் நூறும் சில்லின் நூறும் ஒன்றல்ல. கடல்மட்டத்தில் நீரின் கொதிநிலையை இயற்கை வைத்தது. சில்லின் எல்லையை ஒரு நிறுவனத்தின் பொறியியலாளரும் கணக்காளரும் கூடி வைத்தனர். 99இல் சில்லு புதிதாயிருந்து 101இல் அழிவதில்லை. அதனுள் தேய்வு எப்பொழுதும் நிகழ்ந்துகொண்டே இருக்கின்றது. உலோக இழைகளின் அணுக்களை மின்னோட்டம் சிறிது சிறிதாகத் தள்ளிச் செல்லும் நிகழ்வை 1960களின் இறுதியில் மோட்டரோலாவின் பிளாக் சமன்பாடாக்கினார். அது ஓட்ட அடர்த்தியோடும் வெப்பநிலையோடும் கூடுவது. வெப்பநிலை ஏற ஏறத் தேய்வு விரையும் என்னும் அடிப்படை அறீனியஸ் 1889இல் தந்தது. ‘பத்துப் பாகை ஏறினால் ஆயுள் பாதி’ என்று கடைகளில் இன்றும் ஓதப்படும் வாய்பாடோ மின்மாற்றிகளின் காப்புப் பொருளைப் பற்றியது. 1930இல் மொன்சிங்கர் எழுதியதன் வழிவந்தது. மின்பகு கொள்ளளவிகளுக்கு அது ஏறத்தாழப் பொருந்தும். முறைவழியாக்கிக்கு அதனை அப்படியே பெயர்த்து, 93 பாகையில் இத்தனை மாதமே வாழும் என நாட்குறிப்பது சோதிடமாகும்.

அங்ஙனமாயின் எல்லை எதனாற் குறிக்கப்படுகின்றது? இங்கேதான் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் இயந்திரம் பற்றிய அதிகாரம் துணைசெய்கின்றது. இயந்திரம் இரு வழிகளிற் பெறுமதி இழக்கின்றது என்று மாக்ஸ் காட்டினார். ஒன்று பயன்பாட்டாலும் பயன்படாமையாலும் வரும் பௌதிகத் தேய்வு. மற்றது அதனினும் மலிவான அல்லது திறமான இயந்திரம் சந்தைக்கு வருவதால் நேரும் தார்மீகத் தேய்வு. பின்னது வந்து பற்றுமுன் இயந்திரத்தை இரவுபகலாக ஓட்டி அதன் பெறுமதியைக் கறந்துவிடுவது முதலாளிக்கு ஆதாயம். முறைவழியாக்கியின் வெப்ப எல்லையை இந்த இரட்டைத் தேய்வின் ஒளியில் நோக்கின் பல புரியும். வழமையான உத்தரவாதம் மூன்றாண்டு. பெருநகரத்து அலுவலகம் நான்கைந்து ஆண்டில் கணினியை மாற்றிவிடும். அக்காலத்துள் பௌதிகத் தேய்வு வெளித்தோன்றாதிருந்தாற் போதும். எஞ்சிய இடைவெளி முழுவதையும் வேகமாக மாற்றி விற்கலாம். 2022இல் வந்த றைசன் 7000 வரிசை 95 பாகையிலேயே இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது, அது வழமையானது என்று அந்நிறுவனம் வெளிப்படையாகவே கூறியது. எக்கேட் தனக்கென ஒதுக்கிவைத்த இடைவெளி இன்று விற்பனைப் பண்டமாயிற்று.

கொதிகலனின் வரலாற்றோடு இதனை ஒப்பிடலாம். 1905இல் அமெரிக்காவின் புறொக்ரன் நகரச் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றில் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். 1907இல் மசச்சூசெற்ஸ் மாநிலம் கொதிகலன் சட்டமியற்றியது. சில ஆண்டுகளில் நாடு தழுவிய விதிக்கோவை பிறந்தது. எல்லையைக் குறிக்கும் உரிமை உற்பத்தியாளரிடமிருந்து பொதுவுக்கு வந்தது. முறைவழியாக்கி வெடிப்பதில்லை, எவரும் மாள்வதில்லை, வேலை மாத்திரமே அழிகின்றது. அதனால் அவ்வெல்லை இன்றும் தனியார் கையிலேயே உள்ளது.

இதனை வைத்து, நிறுவனம் கூறுவதெல்லாம் ஏமாற்று என்று முடிவுகட்டுவது கொச்சை மாக்சியமாகும். அண்மைக்கால அனுபவம் அதனினும் சிக்கலானது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இன்ரெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைச் சில்லுகளில் உயர்வகையானவை பல, எல்லையைத் தாண்டாமலே, காரணமின்றி வேலை முறியத் தொடங்கின. 2024 யூலையில் அந்நிறுவனம், சில்லு தானே அளவுமீறிய உவோற்றைக் கேட்டுப் பெற்றது என ஏற்றுக்கொண்டது. உள்நிரலைத் திருத்தியதோடு உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டியது. உயர்ந்த உவோற்றும் வெப்பமும் கூடிச் சில்லினுள் ஒரு சுற்றை முதுமையாக்கின என்பது பின்னர் வெளியான விளக்கம். 2023இல் சில றைசன் சில்லுகள் கருகியதற்கும் உவோற்றே காரணமெனக் கண்டு, அதற்கு 1.3 உவோற்று என மேல்வரம்பிடப்பட்டது. திரையில் எல்லோரும் கண்வைத்திருந்த எண் வெப்பநிலை. தீங்கு வந்த வழி வேறு. வெப்பநிலை ஒரு அறிகுறி, காய்ச்சலைப் போல.

இனிக் கல்லடிக்கு வருவோம். ஆய்வுகூடங்களிலும் சஞ்சிகைகளிலும் வெளியாகும் வெப்பநிலைகள் பெரும்பாலும் 20 முதல் 23 பாகை வரையிலான அறைகளில் அளக்கப்பட்டவை. குளிர்த்தியொன்று செய்வது அறையின் வெப்பநிலைக்கு மேலான ஏற்றத்தைக் கட்டுப்படுத்துவதே. அறையிலும் குளிராக அது எதனையும் ஆக்காது. ஆகவே 22 பாகை அறையில் 80 காட்டும் கணினி, கச்சான் வீசும் பிற்பகலில் 33 பாகையாகும் எமது அறையில் 91ஐயும் சற்றுத் தாண்டியே நிற்கும். சூடேறச் சூடேற மின்கசிவும் கூடுவதாற்றான் அந்தச் சற்று. குளிர்நாட்டுக்குரிய இடைவெளியை எமது காற்று முன்பே தின்றுவிடுகின்றது. இதனோடு கடற்காற்றின் உப்பும் ஈரமும் தூசியைக் களியாக்கிக் குளிர்த்தியின் இதழ்களில் அப்புகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, எமது கணினியின் முதல் வாழ்வு கொழும்பில் முடிந்துவிட்டது. உற்பத்தியாளரின் கணக்கில் அது இறந்த பொருள். எமது கணக்கில் இன்னும் எட்டாண்டு உழைக்க வேண்டியது. 2022இல் டொலரொன்று 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியதையும், அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்தடை அறிவிக்கப்பட்டதையும் கடந்து வந்தவர்களுக்கு ‘புதிதாக வாங்கிவிடுங்கள்’ என்பது விடையாகாது.

எனவே எமது தீர்ப்பை நாமே வகுக்கவேண்டியிருந்தது. ஒரு எண்ணை அரை நிமிடம் பார்த்துத் தீர்ப்பது பயனற்றது. சுமை தொடங்கி அரை மணித்தியாலம் கழிந்து ஏற்றம் நின்றபின் கிடைக்கும் எண்ணே பொருளுடையது. அதிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து எழுதிக்கொண்டோம். இந்த வேறுபாட்டை மாதமொருமுறை, அதே வேலையை ஓட்டி, ஒப்பிடலானோம். வேறுபாடு ஏறினால் பருவத்தைக் குறைகூற இயலாது. தூசியோ, விசிறியோ, சில்லுக்கும் குளிர்த்திக்கும் இடையிலுள்ள பசையோதான் குற்றவாளி. எமது கணினியில் பசை பொருக்காகிக் கிடந்தது. சில நூறு ரூபாவுக்குக் கிடைத்த பசையும் ஒரு பழைய பல்துலக்கியும் ஒன்பது பாகையைக் குறைத்தன. விலைப்பட்டியல் தந்தோர் பார்க்க மறுத்த இடம் அதுவே. அடுத்து, கடிகார வேகம் வீழ்கின்றதா என்று பார்த்தோம். வேகம் வீழின், எண் எதுவாயினும், சில்லு தன் எல்லையில் முட்டிக்கொண்டிருக்கின்றது என்பது பொருள். சோதனைக்கென்றே எழுதப்பட்ட கொடுஞ்சுமை நிரல்கள் எந்த உண்மை வேலையிலும் வராத வெப்பத்தை எழுப்புவன. அவற்றின் எண்ணைக் கண்டு அஞ்சியிருப்பின் எமது பணியே நின்றிருக்கும். எழுத்துணரியின் சுமையையே அளவுகோலாகக் கொண்டோம்.

முடிவாகச் செய்தது மின்வலு எல்லையைக் குறைத்தது. சில்லின் மீது 65 உவாற்று என்று எழுதியிருப்பினும், சுமையில் அது நூறுக்கு மேல் உண்டுகொண்டிருந்தது. வேகத்தின் இறுதிப் பங்குக்கே உவோற்று அதிகம் ஏறுகின்றது. உவோற்றின் வர்க்கத்தோடு மின்வலு ஏறுகின்றது. ஆதலால் அவ்விறுதிப் பங்கை விட்டுக்கொடுப்போன் இழப்பது சிறிது. 65இல் நிறுத்தியதும் எட்டு மணித்தியால வேலை ஒன்பதுக்குச் சற்று மேலாயிற்று. பிற்பகல் வெப்பநிலை எழுபதுகளின் நடுவில் நின்றது. எழுபதைத் தாண்டலாகாது என்ற திருத்துநருக்கு இதுவும் பிடிக்கவில்லை. அவருடைய எண் எங்கிருந்து வந்தது எனக் கேட்டோம். முன்பு சில்லின் மேல்மூடியில் அளந்து கூறிய எல்லைகள் எழுபதை ஒட்டியிருந்தன. இன்றைய உணரி சில்லின் உள்ளே அளப்பது. பழைய அளவிடத்தின் எண்ணைப் புதிய அளவிடத்தின்மேல் அவர் வைத்திருந்தார்.

எண்பதுகளின் நடுவரை நாம் இப்பொழுது பொருட்படுத்துவதில்லை. தொண்ணூறைத் தாண்டின் வேலையை நிறுத்துவதில்லை, காரணத்தைத் தேடுகின்றோம். கச்சான் மாதங்களில் கனத்த வேலைகளை மாலை ஆறு மணிக்குமேல், வாவிப்பக்கத்து யன்னலைத் திறந்துவைத்துத் தொடங்குகின்றோம். முன்னைய படம் ஒவ்வொன்றும் முடிந்ததும் உடனே சேமிக்கும்படி நிரலை மாற்றியவர், அன்று இணைப்பைப் பிடுங்கிய அதே மாணவர். தென்மோடிக் கொப்பிகளில் இன்னும் பதினொன்று எஞ்சியுள்ளன.